புது முகமும் பின்னிருக்கையும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது முன்னோர் மொழி. மனிதரைக் கண்டு சொன்ன அந்தச் சொல், மனிதன் செய்த மோட்டார் காருக்கும் பொருந்துமா? பொருந்தாது என்றே சொல்லத் தோன்றுகிறது. காரின் முகம் ஆண்டுக்கோர் அணி பூணும். அகமோ அப்படியே இருக்கும். சில வேளைகளில் முகம் பொலிவு பெறும்; அகம் வசதி இழக்கும். ஆயினும் புதிய ஆண்டின் புதிய கார் வீதிக்கு வந்துவிட்டால், கார் வைத்திருப்போர் கூடிப் பேசுவது முதலில் முகத்தைப் பற்றித்தான். அந்தப் பேச்சைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அதைப் பற்றிச் சில எண்ணங்களை இங்கே முன்வைக்க விழைகிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது அம்பாஸடர் மார்க் 2. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் செய்த வண்டி. 1950களின் இறுதியில் பிறந்த அம்பாஸடர், 2014 மே மாதத்தில் அந்தத் தொழிற்சாலையின் வேலை நிற்கும் வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ ஒரே உருவத்தில் ஓடியது. அந்த வண்டிக்கும் முகமாற்றங்கள் உண்டு. மார்க் 2-இன் முன்கிரில் கட்டம் கட்டமாக இருந்தது. 1975-இல் மார்க் 3 வந்தபோது கட்டங்கள் மறைந்து கிடைக்கோடுகள் தோன்றின. இண்டிகேட்டர் விளக்குகள் கிரில்லை விட்டு விலகித் தனியே நின்றன. 1979-இல் மார்க் 4 வந்தது. கிரில் அகன்று சதுரமாயிற்று. பார்க்கிங் விளக்குகளும் சதுரமாயின.

இந்தச் சின்னஞ்சிறு மாற்றங்கள் எங்கள் ஊரில் எழுப்பிய விவாதங்களை எண்ணினால் இன்றும் வியப்பாக இருக்கிறது! அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கார்க்காரர் மூவர் நால்வர் கூடுவார்கள். தோல் மண்டிக்காரர் ஒருவர், அரிசி ஆலை உரிமையாளர் ஒருவர், மருத்துவர் ஒருவர். அவர்களோடு என் வாப்பா.

"கட்டம் போட்ட முகத்தில் ஒரு கம்பீரம் இருந்தது. இந்தக் கோடு போட்ட முகமோ ஜன்னல் கதவைப் பிடுங்கி வந்து மாட்டியது போல இருக்கிறது" என்பார் தோல் மண்டிக்காரர்.

"காலத்துக்கேற்ற கோலம் வேண்டாமா, காக்கா? எத்தனை நாளைக்கு ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது?" என்பார் மருத்துவர்.

ஆலைக்காரர் எப்போதும் புதியதன் பக்கம். "பழைய வண்டியில் போனால் தொழில் படுத்துவிட்டது என்று ஊர் பேசும்" என்பது அவர் கட்சி. வாப்பா அதிகம் பேச மாட்டார். "முகம் கிடக்கட்டும், ஏறி உட்கார எப்படி?" என்று ஒரு கேள்வியை மட்டும் போட்டுவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்துக்கொள்வார்.

அந்தச் சபையில் கருத்துக் கேட்கப்படாதவர்கள் இருவர். ஒருவர், நாள் முழுவதும் அந்த வண்டியை ஓட்டிய டிரைவர். மற்றவர், கதவுக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் உம்மா. ஒரு நாள் நானே சென்று உம்மாவிடம் கேட்டேன். "ஏறும்போது குனிய வேண்டாம்; இறங்கும்போது ஒருத்தர் கையைப் பிடிக்க வேண்டாம். அந்த வண்டி போதும், வாப்பா" என்றார். கிரில்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பின்னிருக்கையில் அமர்பவருக்கு முன்கிரில் எதற்கு?

அம்பாஸடரின் முகம் பலமுறை மாறிய அந்த ஆண்டுகளில், பெட்ரோல் வண்டியின் 1489 சி.சி. எஞ்சின் மாறவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுஸு எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்தபோதுதான் அகம் மாறியது. அதற்குள் வேறு கார்கள் நாட்டை நிறைக்கத் தொடங்கிவிட்டன. 2017-இல் அம்பாஸடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

ஆண்டுக்கொரு முகம் என்னும் இந்த வழக்கம் எங்கே தோன்றியது? அமெரிக்காவில். ஹென்றி ஃபோர்டு தம் 'டி' மாடல் காரை 1908 முதல் 1927 வரை பெரிய மாற்றமின்றி ஒன்றரைக் கோடிக்கும் மேலாகச் செய்து குவித்தார். அவரை எதிர்த்து நின்ற ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு வழி கண்டார். ஓடும் கார் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஆனால் அது பழையது என்று அதன் உரிமையாளர் உணர வேண்டும்! 1927-இல் ஹார்லி எர்ல் என்பவரின் தலைமையில் உருவத்துக்கும் வண்ணத்துக்கும் என்றே ஒரு தனிப் பிரிவை அமைத்தார். அதன் பின்னர் ஆண்டுதோறும் பானட் நீண்டது, விளக்கு இடம் பெயர்ந்தது, குரோமியம் மின்னியது. 1948-இல் காடிலாக் காரின் பின்புறத்தில் போர் விமானத்தைப் பார்த்துச் செய்த சிறு துடுப்புகள் இரண்டு முளைத்தன. அவை வளர்ந்து வளர்ந்து 1959-இல் உச்சத்தைத் தொட்டன. ஆலைக்காரர் அவற்றைக் கண்டிருந்தால் அகமகிழ்ந்திருப்பார்.

அந்த 1959-ஆம் ஆண்டை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். அதே ஆண்டில், ஆரவாரம் ஏதுமின்றி, ஸ்வீடன் நாட்டில் இன்னொரு புதுமையும் காரில் ஏறியது. வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் ஒருங்கே தாங்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை உருவாக்கினார். அதன் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ இசைந்தது. துடுப்பு வானைப் பார்த்தது. பெல்ட் மனிதனின் மார்பைப் பார்த்தது. சில ஆண்டுகளில் துடுப்புகள் உதிர்ந்து போயின. பெல்ட்டோ இன்று உலகின் எல்லாக் கார்களிலும் இருக்கிறது.

ஆனால் எந்தத் திண்ணையிலாவது சீட் பெல்ட்டைக் காரணம் காட்டி யாரேனும் கார் வாங்கியதுண்டா? 1956-இல் ஃபோர்டு நிறுவனம் வலுவான கதவுப் பூட்டையும், தனி விலைக்கு சீட் பெல்ட்டையும் விளம்பரப்படுத்தியது. அந்த ஆண்டு விற்பனையில் ஷெவர்லேயே முந்தியது. பாதுகாப்பு விலைபோகாது என்ற பேச்சு அன்று முதல் வணிகரிடையே வேரூன்றியது. அதனால்தான் சட்டம் குறுக்கிட வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2019 ஜூலை முதல் டிரைவருக்கு ஏர்பேக், பெல்ட் அணியாவிட்டால் எச்சரிக்கும் ஒலி, வேகம் மிகுந்தால் எச்சரிக்கும் ஒலி ஆகியவை புதிய கார்களில் கட்டாயமாயின. உரிமையாளர் கேட்டு வந்தவை முகமாற்றங்கள். சட்டம் கேட்டு வந்தவை உயிர்க்காப்புகள். இந்நிலை நமக்குப் பெருமை தருவதா?

இன்றைய முகம் கிரில்லில் மட்டும் இல்லை. உள்ளே தொடுதிரையாகவும் வந்து அமர்ந்திருக்கிறது. அண்மையில் என் லாத்தாவின் மகன் புதிய கார் ஒன்று வாங்கினான். சென்ற ஆண்டு மாடலில் திருகு குமிழ்களும் பொத்தான்களும் இருந்தனவாம். இவ்வாண்டு அவையெல்லாம் மறைந்து, ஒரு பெரிய திரை மட்டும் பளபளக்கிறது. பார்த்தவரெல்லாம் பாராட்டினர். தொண்ணூறை நெருங்கும் என் உம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றோம்.

"குளிர்கிறது வாப்பா, காற்றைக் கொஞ்சம் குறை" என்றார் உம்மா.

குமிழ் இருந்திருந்தால் கை தானே சென்று திருகியிருக்கும். இங்கோ, அவன் திரையைத் தொட்டான். ஒரு பட்டியல் விரிந்தது. அதற்குள் ஒரு படத்தைத் தேடினான். கண் சாலையில் இல்லை. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன் சைக்கிளோடு சாலையில் இறங்கியதை நான் கண்டு கத்தினேன். பிரேக் பிடித்தது. சிறுவன் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். எங்களுக்குத்தான் வெகு நேரம் நெஞ்சு அடங்கவில்லை. அந்தச் சிறுவனிடம், இந்தத் திரை வேண்டுமா என்று யார் கேட்டார்கள்?

இந்தக் கவலை எனக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026-ஆம் ஆண்டுக்கான விதிகளில், இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டறியக்கூடிய தனி விசைகள் இருப்பதை மதிப்பெண்ணுக்கு உரியதாக்கியிருக்கிறது. குளிர்காற்று அந்தப் பட்டியலில் இல்லை. என் உம்மாவைக் கேட்டிருந்தால் அதையும் சேர்த்திருப்பார்!

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைத்துச் சேர்த்த பொருளில் வாங்கும் வண்டி கண்ணுக்கு இனிதாக இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. தோல் மண்டிக்காரரின் கட்டமும் மருத்துவரின் கோடும் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனால் ஓட்டுபவரின் கண்ணைச் சாலையிலிருந்து பிரிக்கும் அழகும், முதியவரின் முழங்காலை நோகச் செய்யும் தாழ்ந்த கூரையும் வெறும் ரசனை வேறுபாடுகள் அல்ல. அவற்றின் விலையைக் கொடுப்பவர் வேறு; அவற்றைத் தேர்ந்தெடுப்பவர் வேறு.

ஆகவே புதிய கார் பார்க்கச் செல்லும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். கடையின் வெளிச்சத்தில் வண்டியின் முன்னே நின்று பார்ப்பதோடு நில்லாதீர்கள். வீட்டில் மூத்தவரைப் பின்னிருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். குழந்தைக்குப் பெல்ட் பொருந்துகிறதா என்று பூட்டிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு வைப்பரையும் ஏ.ஸி.யையும் இயக்க முடிகிறதா என்று சோதியுங்கள். அதன் பிறகு கிரில்லைப் பற்றி விவாதிக்கலாம். அதற்கு நேரம் நிறைய உண்டு.

அடுத்த மாதம் என் மச்சான் கார் பார்க்கப் போகிறார். உம்மாவையும் உடன் அழைத்துச் செல்லும்படி சொல்லியிருக்கிறேன். எந்த நிறம் என்று கேட்டார் உம்மா. அதை மச்சானே பார்த்துக்கொள்வார், நீங்கள் ஏறி உட்கார்ந்து பார்த்தால் போதும் என்றேன்.