சுவருக்குள் ஒரு சார்ஜர்

எங்கள் இல்லத்தின் பழைய மின்கம்பிகளை மாற்றியபோது, அறைதோறும் யு.எஸ்.பி. துளையுள்ள சுவர் சாக்கெட் வேண்டுமென்றான் மகன். கூடத்தில் ஒன்று போதும் என்றேன் நான்.

சிக்கனம் மட்டுமே காரணமன்று. அத்துளையின் பின்னால், 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 5 வோல்ட் நேர்மின்சாரமாக்கும் சிறு மின்சுற்று ஒளிந்திருக்கிறது. சாதாரண சார்ஜர் சூடேறினால் கை உணர்ந்துவிடும், பிடுங்கி வைத்துவிடலாம். இதுவோ காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. தனிச் சுவிட்ச் இல்லையேல் இரவு பகலாக மின்தொடர்பு அறாது. வெப்பம் கூடக்கூட உள்ளிருக்கும் கெபாசிட்டர்களின் ஆயுள் குறைகிறது. மலிவுச் சரக்கில் 230 வோல்ட்டையும் யு.எஸ்.பி. கம்பியையும் பிரிக்கும் காப்பு பலவீனமாக இருந்துவிட்டால், சார்ஜ் ஏறும் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துறங்கும் பிள்ளையின் கதி என்ன?

வேகமாவது உண்டா என்றால், மகன் காட்டிய அட்டைப்பெட்டியில் 2.1 ஆம்பியர் என்றிருந்தது. இரு துளைகளுக்கும் சேர்த்தே அக்கணக்கு! ஆக மொத்தம் 10.5 வாட். பட்டன் போனுக்கு அது தாராளம். பேத்தியின் போனோ விரைந்து சார்ஜ் ஏற 9 வோல்ட் கேட்கிறது. 'பி.டி.' முறையிலான டைப்-சி துளைகள் அதைத் தரும். விலைதான் மலைக்க வைத்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கு டைப்-சி துளையைக் கட்டாயமாக்கியது. துளைகளின் வடிவம் இப்படி மாறிக்கொண்டேயிருக்க, சுவரை எத்தனை முறை திறப்பது?

முடிவில், தனிச் சுவிட்சுடன் டைப்-சி ஒன்று கூடத்துக்கு வந்தது. மற்ற அறைகளில் சாதாரண மூன்று துளைச் சாக்கெட்டுகளே. உம்மாவின் கட்டிலருகே அதுவும் கைக்கெட்டாத உயரத்தில்தான். மகனுக்கு இன்னும் மனக்குறைதான்.