சாவிக்கொத்தும் சுத்தியலும்

இளையரசனேந்தல் கரிசல் மண்ணில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். கலைக்கல்லூரியில் பயின்றவன், மருத்துவம் அறியேன். ஆயினும் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்குப் பயிற்சிக்குச் செல்லும் மாணவத் தோழர்களே, உங்களிடம் சில சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதை வழங்கியவள் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி.

பாடம் நடக்கையிலேயே அவள் சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. ஓடிவந்தவர்களில் ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். மற்றொருவர் வேப்பிலை தேடினார். "காத்துக் கருப்பு" என்றது ஒரு குரல். பெற்றோர் எடுத்த முடிவோ இன்னும் கொடிது. படிப்பை நிறுத்துவதாம், நோயை மறைத்து மணம் முடிப்பதாம், மணமானால் வலிப்பு ஓடிவிடுமாம்! வாதாடி, அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன்.

பெரிய மருத்துவர் பார்க்குமுன் மாணவர் இருவர் விசாரித்தனர். "ஸ்கேன் எங்கே?" என்றார் முதலாமவர். இரண்டாமவரோ என்னை நோக்கினார். "நேரில் கண்டவர் நீங்களா? முதலில் என்ன நேர்ந்தது? தலை எப்பக்கம் திரும்பியது? எத்தனை நிமிடம்? நாக்கைக் கடித்தாளா?" பிறகு சிறுமியிடம், "காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி, டம்ளர் விழுவதுண்டா, தங்கச்சி?" என்றார்.

"விழும் சார். அதுக்கு அம்மா அடிப்பாக."

தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு கேள்வி நோயையும் காட்டியது. அறியாமல் இழைத்த கொடுமையையும் காட்டியது. காலையில் கை உதறுவது, வளரும் பருவத்தில் தோன்றும் வலிப்பு வகை ஒன்றின் அடையாளமாம்.

தோழர்களே, நரம்பியலில் கண்டவர் வாய்மொழியே முதற்கருவி. மனித மூளையின் மின்னலைகளை ஹான்ஸ் பெர்கர் 1924இல் பதிவு செய்தார், அக்கருவி பெரிதுதான். ஆயினும் அலைப்பதிவு சரியாக இருப்பதாலேயே வலிப்பு இல்லையென்று ஆகிவிடாது. நோயாளி வாயிலில் நுழையும் நடையிலேயே சோதனையைத் தொடங்குங்கள்: கை வீச்சு குறைகிறதா, கால் இழுபடுகிறதா? கை மரத்தது என்பவரின் தோலில் உணர்வற்ற தேமல் உண்டா, நரம்பு தடித்துளதா எனத் தொட்டுப் பாருங்கள். தொழுநோய் அங்கே ஒளிந்திருக்கலாம். சுத்தியலால் முழங்காலைத் தட்டுவது அதற்குப் பின்னர்.

அதனினும் பெரிய கடமை, பேசுவது. இந்நோய் தெய்வத்தின் செயலன்று என ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவ நூல் உரைத்தது. 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைத் துறையை இராமமூர்த்தி தொடங்கினார். இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் நுழைந்த வலிப்புத் தடை, 1999இல் நீக்கப்பட்டது. சட்டமே தள்ளிய தடையை வீடு ஏன் சுமக்க வேண்டும்? இதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்கு விரையுங்கள் என்று, அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள்.

அந்த மாணவர் சொன்னார், பெற்றோர் கேட்டனர். நான் ஓராண்டு வாதாடியும் ஆகாதிருக்கக் கூடியது, அவருடைய பத்து நிமிடத்தில் ஆயிற்று. சிறுமி இன்று முன்வரிசையில் அமர்ந்து பாடம் படிக்கிறாள். சாவிக்கொத்து, பூட்டைத் திறக்கும் தன் வேலைக்கே திரும்பிவிட்டது.