வரவுப் பக்கத்தில் எழுதிய கம்பளி

குரும்பை ஆடு வளர்த்தால் இரட்டை வருமானம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானேதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் காலமெல்லாம் கணக்கு எழுதியவன். ஓய்வு பெற்றதும், குண்டடம் பக்கம் அப்பா விட்டுப்போன கொறங்காட்டில் ஆடு வளர்ப்பது என்று முடிவு செய்தேன். கொறங்காடு என்றால் உழாமல் விட்ட மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். கோடையில் புல் கருகினாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டைக் காப்பாற்றிவிடும்.

எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலான பட்டிகளில் மேச்சேரி ஆடுதான். இளம்பழுப்பு நிறம், உடம்போடு ஒட்டிய குட்டை மயிர். கறிக்கும் தோலுக்கும் பேர்போனது. கத்தரிக்கும் வேலையே கிடையாது. நான் மட்டும் கோயம்புத்தூர் குரும்பையை வாங்கினேன். வெள்ளை உடம்பு, தலையிலும் கழுத்திலும் கறுப்போ பழுப்போ திட்டுகள். கறி ஒரு வரவு, கம்பளி இன்னொரு வரவு என்று நோட்டில் இரண்டு பத்தி போட்டேன்.

நான் ஏமாந்ததற்கு நீலகிரி ஆடும் ஒரு காரணம். 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் குரும்பையோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து மலையில் உருவான ஆடு அது. கம்பளி மெல்லியது. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனத்தைப் பேணி வருகிறார்கள். அதைப் பற்றிப் படித்ததையெல்லாம் என் குரும்பைக்கும் பொருத்திக்கொண்டேன். பெரியப்பா மகன் வசதியானவன் என்று தம்பிக்குக் கடன் கொடுத்த கதைதான்.

குரும்பையின் கம்பளி முரட்டுரகம். பல இழைகளில் நடுவே பொந்து இருக்கும். சாயம் சரியாக ஏறாது. கம்பளத்துக்கும், ஆடு மேய்ப்பவர்கள் போர்த்தும் கம்பளிக்கும்தான் ஆகும். அந்தக் கம்பளி நெய்பவர்களும் குறைந்துவிட்டார்கள். பானிபட்டிலிருந்து வரும் மலிவுப் போர்வை சந்தைக்குச் சந்தை கிடைக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

ஆடு மேய்க்க வந்த பெரியவர் புரட்டாசியிலேயே சொன்னார்: "ஏனுங்க, மழைக்கு முன்னால மயிரக் கத்திரிச்சுப் போடோணுமுங்க."

"இருங்கய்யா, வியாபாரிகிட்ட பேசிட்டிருக்கேன்" என்றேன். இழை நீளமாக இருந்தால் விலை கூடும் என்று அந்த வியாபாரி போனில் சொல்லியிருந்தார். அதுவும் போக, மழைக்காலத்தில் ஆட்டின் மேல் கம்பளி இருந்தால் குளிருக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் பிடித்துக்கொண்டது. கொறங்காட்டுப் புல்விதையும் முள்ளும் ஈரக் கம்பளியில் சிக்கிக்கொண்டன. பட்டிச் சேற்றில் படுத்து எழுந்த ஆடுகளின் பின்பக்கமெல்லாம் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து சடைபிடித்தது. வெளியிலிருந்து பார்க்க ஆடுகள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வேறு.

ஒருநாள் காலையில் நல்ல பால் வர்க்கத் தாயாடு ஒன்று மேய்ச்சலுக்குப் போகாமல் தனியாக நின்றது. காலைத் தரையில் தட்டியது. வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. திரும்பித் திரும்பித் தன் பின்தொடையைக் கடித்தது. குட்டி மடியை முட்ட வந்தால் விலகி ஓடியது. கிட்டப் போனேன். முதலில் நாற்றம். வாலுக்கு மேலே கம்பளி கொஞ்சம் கருத்து நசநசத்திருந்தது. இரண்டு கையாலும் மயிரைப் பிரித்தேன். ஒரு கொத்து அப்படியே தோலோடு கையில் வந்துவிட்டது. அடியில் வெள்ளையாக இருந்ததை முதலில் சீழ் என்று நினைத்தேன். அது நெளிந்தது. கையிலிருந்த கொத்தைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் நின்றேன். நான் விலை பேசிக்கொண்டிருந்த சரக்கு அதுதான்.

பெரியவர் ஓடிவந்தார். "அப்பவே சொன்னனுங்களே" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. "சீத்தா இலை பறிச்சுட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தார். கால்நடை மருத்துவர் வந்து மருந்து போட்டார். ஆனாலும் அந்தத் தாயாடு பிழைக்கவில்லை. குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துப் பார்த்தோம், அதுவும் தங்கவில்லை. மற்ற ஆடுகளையும் கத்தரித்தபோதுதான் அந்தக் கொழுகொழுப்புக்குள் முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

கத்தரிப்பதற்கு முன்பே ஒரு கிடாயைச் சந்தைக்குக் கொண்டுபோயிருந்தேன். அங்கிருந்த ஆட்டு வியாபாரி கம்பளியைப் பார்க்கவே இல்லை. விரலை மயிருக்குள் நுழைத்து இடுப்பெலும்பை அமுக்கிப் பார்த்தார். "உள்ளே ஒண்ணுமில்லீங்க" என்று விலையைக் குறைத்தார். அன்று அவரை ஏமாற்றுக்காரர் என்று வைதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். கத்தரித்த கம்பளிக்குக் கிடைத்த காசு, கத்தரித்த கூலிக்கே போதவில்லை.

குரும்பையை நான் விடவில்லை. கிடாக்குட்டி விற்ற காசும், பக்கத்துக் காடுகளில் பட்டி போட்டு வரும் காசும்தான் வரவு. கம்பளி கத்தரிப்பது இப்போது என் நோட்டில் செலவுப் பக்கத்தில், தடுப்பூசிக்கு அடுத்த வரியில் இருக்கிறது. குரும்பை வாங்கலாம் என்று இருக்கிறோம், கம்பளியை எங்கே விற்பது என்று கேட்டுக்கொண்டு சிலர் வருகிறார்கள். மயிர் கத்தரிக்கிறவரிடம் புரட்டாசிக்கு முன்பே நாள் சொல்லிவைத்துவிட்டு, அப்புறம் ஆட்டை வாங்குங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்கிறேன்.