கல்லீரலுக்கு வரும் தூதுகள்

"கல்லீரல் கெட்டுவிட்டதாம்" என்ற செய்தி காதில் விழுந்தால் நம்மவர் பலரின் மனம் உடனே மதுப்புட்டியை நோக்கித்தான் ஓடுகிறது. மது விலக்கப்பட்ட நம் இல்லங்களில் அந்த எண்ணம் ஒரு நோயாளியின் மீது பழியாகவே வந்து விழுகிறது. நோய் தரும் வேதனையைவிட இந்தப் பழி தரும் வேதனை பெரிது.

என் மூத்த காக்காவின் வீட்டில் இது நேர்ந்தது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று அறிய எடுத்த ஸ்கேனில், கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகத் தெரிய வந்தது. காக்கா பருத்த உடலினர் அல்லர். கை கால்கள் மெலிந்து, வயிறு மட்டும் சற்றே முன்தள்ளியிருக்கும். காலை முதல் இரவு வரை ஜவுளிக் கடையின் கல்லாவில் அமர்ந்திருப்பவர். மகளுக்கு மணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மைனியிடம், "அவருக்கு ஏதேனும் பழக்கம் உண்டா?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டார். மைனி அன்றிரவு உணவு கொள்ளவில்லை. அந்தப் பெரியவருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்தது. மருத்துவரைக் கேட்டும் நூல்களைப் படித்தும் நான் அறிந்தவற்றை வாசக சகோதர சகோதரிகளுக்கும் சொல்ல விழைகிறேன்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லுட்விக் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980-ஆம் ஆண்டில் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினர். நுண்ணோக்கியில் பார்த்தால் அவர்களின் கல்லீரல் குடிகாரரின் கல்லீரலைப் போலவே இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பழக்கம் உடையவர்கள் அல்லர். அன்று பெயரற்றிருந்த அந்நோய்க்கு அவர்களே பெயரிட்டனர். ஆகவே மதுவுக்கும் இந்நோய்க்கும் முடிச்சுப் போடுவது அறியாமையேயாகும்.

அப்படியானால் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? உண்ணும் உணவு ஒரு காரணம். உடலின் மற்ற உறுப்புகள் கல்லீரலுக்கு அனுப்பும் இரசாயனத் தூதுகள் மற்றொரு காரணம்.

உடலின் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் 1994-இல் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தபோது அக்கருத்து மாறியது. கொழுப்புத் திசுவில் சுரந்து, "சேமிப்பு போதும்" என்று மூளைக்கு உரைக்கும் தூது அது. பிறவியிலேயே கொழுப்புத் திசு ஏறக்குறைய இல்லாத சிலர் உலகில் உண்டு. அவர்கள் மெலிந்தவர்கள், ஆயினும் அவர்களின் கல்லீரலில் கொழுப்பு மிகுந்து கிடக்கும். தங்க வேறிடம் இல்லாத கொழுப்பு அங்கே குடியேறுகிறது; லெப்டினும் அவர்களிடம் மிகக் குறைவு. அந்த ஹார்மோனை ஊசி மூலம் செலுத்தியபோது கல்லீரல் கொழுப்பு குறைந்ததை 2002-இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். மெலிந்தவருக்கும் இந்நோய் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கொழுப்புத் திசு அனுப்பும் இன்னொரு தூது அடிபோனெக்டின். கல்லீரல் தன் கொழுப்பை எரிக்கவும், இன்சுலினின் கட்டளைக்குப் பணியவும் அது துணை செய்கிறது. விந்தை என்னவென்றால், வயிற்றுக் கொழுப்பு பெருகப் பெருக இந்த நல்ல தூது குறைகிறது. அழற்சியை மூட்டும் தீய தூதுகள் கூடுகின்றன. குடலையும் அதைச் சூழ்ந்த கொழுப்பையும் விட்டு வரும் இரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் செல்கிறது. காக்காவின் முன்தள்ளிய வயிறு செய்த வேலை இதுவே.

தசைகளும் வாளாவிருப்பதில்லை. உழைக்கும் தசையிலிருந்து புறப்படும் தூதுகளுக்கு டென்மார்க்கின் பென்டே பெடர்சன் குழுவினர் 2003-இல் 'மயோகைன்' என்று பெயரிட்டனர். அவற்றுள் இன்டர்லூகின்-6 என்பதும் ஒன்று. வீங்கிய கொழுப்பிலிருந்து நாள்தோறும் கசியும்போது தீங்கோடு தொடர்புடைய அதே பொருள், நடக்கும் காலின் தசையிலிருந்து சிறிது நேரம் சுரக்கும்போது நன்மை செய்கிறது. உடற்பயிற்சியால் எடை குறையாவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு இத்தகைய தூதுகளும் ஒரு காரணம் என்பர்.

இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அந்தப் பெரியவர், மறுநாள் தாமே மைனியிடம் வந்து வருத்தம் தெரிவித்தார். மணமும் நல்லபடியாக நிறைவேறியது.

2023-இல் உலக மருத்துவ அமைப்புகள் பல கூடி, "மது சாராத" என்ற சொல்லை நீக்கி, வளர்சிதைமாற்றக் கோளாற்றோடு இணைத்து இந்நோய்க்குப் புதுப்பெயர் சூட்டின. பழைய பெயரால் நோயாளிகள் அடைந்த மனவருத்தமும் அதற்கு ஒரு காரணம். அமெரிக்காவில் 2024-இல் ரெஸ்மெடிரோம் என்ற மருந்தும், 2025-இல் குடல் ஹார்மோன் ஒன்றைப் போல் செயற்படும் செமகுளுடைடும், அழற்சியோடு தழும்பும் கண்ட நோயாளிகளுக்கு அனுமதிக்கப்பட்டன. ஆயினும் முதல் மருத்துவம் நம் வீட்டிலேயே உள்ளது.

ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நம் நாட்டவருக்குரிய வரம்பு. பருத்த உடலினர் எடையில் 7 முதல் 10 விழுக்காடு படிப்படியாகக் குறைத்தாலே கல்லீரலின் அழற்சி தணியும். பட்டினி கிடந்து விரைவாக மெலிவது தீமை தரும். விருந்தில் நெய்ச்சோற்றைக் குறைத்து, இனிப்புப் பானத்தைத் தவிர்த்து, நாளும் அரைமணி நேரம் விரைந்து நடப்பது எவர்க்கும் இயலக்கூடியதே. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் வளரும் நோய் இது. ஆதலால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கல்லீரலைப் பற்றியும் கேட்டறிவது நலம்.

சகோதரிகளே, உங்கள் உறவில் ஒருவருக்கு இந்நோய் என்று கேள்விப்பட்டால், அவருடைய பழக்கத்தைத் துருவ வேண்டாம். மாலையில் உடன் நடக்க ஒரு துணை தேவையா என்று கேளுங்கள்.