கரும்புத் தொட்டிலும் வேலூர்ச் சாலையும்

கார்த்திகைத் திருவிழாக் காலத்தில் திருவண்ணாமலை மாட வீதிகளில் நிற்போமாயின், கரும்புத் தொட்டில்களைக் காணலாம். நேர்த்திக்கடனாகப் பிள்ளைவரம் பெற்றோர், கரும்புகளில் சேலையை ஏணையாகக் கட்டி, அதில் குழந்தையைக் கிடத்தித் தோளில் சுமந்து வலம் வருகின்றனர். நாம் வேறு சமயத்தினர். ஆயினும் அத்தாயின் முகமலர்ச்சி நமக்கும் விளங்கும்.

14ஆம் நூற்றாண்டில் இவ்வூரிலிருந்து ஆண்ட போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனுக்கு மகப்பேறில்லை என்றும், இறைவனே அவனுக்கு மகனானார் என்றும் இவ்வூரார் கூறுவர். மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அவனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு ஆண்டுதோறும் நடைபெறுகிறது. தந்தைக்கு மகன் கடன் செய்வதன்றோ உலக முறை! அம்முறை தலைகீழாகிவிடுமோ என்று நடுங்கும் பெற்றோரும் இம்மாவட்டத்தில் உண்டு. குழந்தைக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டவர்கள் அவர்கள்.

அவர்களிற் பலர் செல்லும் வழி போளூர்ச் சாலை. ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் வேலூர். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பணி அங்கே பெரும் மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது. வேறு சிலர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் எழுந்த சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தை நாடுகின்றனர். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீளும். தாய் மருத்துவமனையருகே வாடகை அறையில். தந்தை கூலிக்காக ஊரில். மற்றப் பிள்ளை பாட்டி வீட்டில். ஒரு குடும்பம் மூன்று அடுப்பு! மருந்தின் வேகத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாளில் சிறு காய்ச்சலும் ஆபத்து. ஆகவே தாய் இரவெல்லாம் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடியே கிடக்கிறாள். மனைவியின் முன் அழலாகாது என்று தந்தை விழுங்கும் கண்ணீரை யார் அறிவார்?

அதனினும் கொடியது உறவினரின் நாக்கு. "யார் செய்த பாவமோ!" என்று ஒருவர் பெருமூச்சு விட்டால் போதும், கருவுற்றிருந்தபோது உண்டது, உழைத்தது எல்லாவற்றையும் அத்தாய் கிளறிப் பார்ப்பாள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்நோய் ஏன் வந்தது என்று மருத்துவராலும் சொல்ல இயலாது. பெற்றோரின் குற்றம் இதில் இல்லை. நோய் நீங்கிய பின்னரும், ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய இரவு உறக்கம் வருவதில்லை.

நம் ஊர்களில் சுடுகாட்டு மல்லி எனப்படும் நித்தியகல்யாணியை முற்றத்தில் வைக்கக் கூசுவோர் உளர். இக்குழந்தைகளுக்கு ஊசி வழியே ஏற்றப்படும் வின்கிரிஸ்டின் அச்செடியிலிருந்தே கிடைக்கிறது. (இலையை வீட்டில் அரைத்துக் கொடுப்பது நஞ்சாகும், எவரும் முயலவேண்டாம்.) நல்ல வசதியுள்ள நாடுகளில் இன்று இந்நோயுற்ற ஐந்து குழந்தைகளில் நால்வருக்கு மேல் பிழைக்கின்றனர். போளூர்ச் சாலையில் விடியற்காலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெற்றோரிடம் இச்செய்தியை ஒருவர் முன்னமே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!