விட்டுப் பிடி!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஸ்பெயினின் தெற்குக் கோடியில், தாரிஃபா என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கிய அரை நிமிஷத்தில் என் தொப்பி பறந்தது. போன திசையைப் பார்த்தால், இந்நேரம் அட்லாண்டிக்கில் இருக்கும்!

ஆபீஸ் வேலையாக செவில் நகரத்தில் மூன்று மாத வாசம். கூடவே ஒரு ஜூனியர் பையன். அவன் எழுதும் ஈ-மெயிலில் கமா உட்பட நான்தான் திருத்துவேன். கையை விட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்பது என் கொள்கை. 'சனி, ஞாயிறாவது சும்மா இருங்க சார். தாரிஃபா போய் விண்ட்ஸர்ஃபிங் கத்துக்குங்க' என்று துரத்தியதே அவன்தான்.

ஊருக்கு எதிரே மலைகள் தெரிகின்றன. அது ஆப்பிரிக்கா! நடுவே ஜிப்ரால்டர் ஜலசந்தி. குறுகலான இடத்தில் வெறும் 14 கிலோமீட்டர். இரு கரையிலும் மலை. ஹோஸ் பைப் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுமே, காற்றுக்கும் அதே கதைதான். கிழக்கிலிருந்து வந்தால் 'லெவாந்தே', மேற்கிலிருந்து வந்தால் 'போனியெந்தே'. லெவாந்தே நாள்கணக்கில் அடித்தால் புத்தி பேதலித்துவிடும் என்று ஊரில் பேச்சு. மலைமேல் வரிசையாகக் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு ஊர் ஞாபகம் வரும்.

விண்ட்ஸர்ஃபிங் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு பலகை, அதன் மேல் ஒரு பாய்மரம். இரண்டையும் இணைப்பது எந்தப் பக்கமும் வளைகிற ஒரு மூட்டு. சுக்கான் கிடையாது, பிரேக் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் ஒரு பக்கம் திரும்பும், பின்னால் சாய்த்தால் மறுபக்கம். கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் 1968-ல் இதற்குக் காப்புரிமை கேட்டார்கள். பிற்பாடு இங்கிலாந்தில் வழக்கு வந்தது. பீட்டர் சில்வர்ஸ் என்பவர் 1958-லேயே, 12 வயசுப் பையனாக, இதே மாதிரி ஒன்றைச் செய்து ஓட்டியவர் என்று தெரிந்து, அங்கே காப்புரிமை செல்லாமல் போனது! 1984-ல் ஒலிம்பிக்ஸுக்கே போய்விட்டது விளையாட்டு.

முதல் நாள் லெவாந்தே. 'புதுசுங்களுக்கு இன்னிக்கு லீவு' என்றுவிட்டார் பயிற்சி கொடுக்கும் அம்மாள். ஐம்பது வயசுக்கு மேலிருக்கும். கரையில் வேன்கள் வரிசையாக நின்றன. அதிலேயே சமையல், தூக்கம். ஜெர்மனியின் ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒருவர், வேன் உச்சியில் கட்டிய துணி படபடப்பதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்புகிற மாதிரி குஷியாகக் கடலில் இறங்கினார்.

மறுநாள் இளசான போனியெந்தே. என் முறை. பாயைத் தூக்கினேன். காற்று பிடித்தது. பயத்தில் இறுக்கிப் பிடித்தேன். 'சுவெல்தா! சுவெல்தா!' என்று கத்தினார் அம்மாள். 'விடு' என்று அர்த்தமாம். நான் விடுகிற ஜாதியா? பாய் என்னைத் தூக்கி முன்னால் எறிந்தது. நெற்றியில் ஒரு போண்டா.

நாலாவது தடவை விழுந்தபோது கரை தூரத்தில் தெரிந்தது. வெலவெலத்துவிட்டது. பலகையை விட்டுவிட்டு நீந்த ஆரம்பித்தேன். நீந்துகிறேன், நீந்துகிறேன்... கரை கிட்டே வரவில்லை. கை ஓய்ந்தது. வாயில் உப்புத் தண்ணீர். அம்மா முகம் ஞாபகம் வந்தது, சத்தியமாக.

அவர்தான் தன் பலகையில் வந்து தூக்கினார். சிரிக்கவில்லை.

'பாயை விட்டா, காத்து வடிஞ்சுடும், பலகை நின்னுடும். ஒண்ணும் ஆகாது. பலகை மூழ்காது. அதை விட்டா நீங்கதான் மூழ்குவீங்க. விட வேண்டியதைப் பிடிச்சுக்கிட்டு, பிடிக்க வேண்டியதை விட்டுட்டீங்களே!'

சாயங்காலம், காற்று முரண்டு பிடித்தபோதெல்லாம் பின்கையைத் தளர்த்தினேன். ஐம்பது மீட்டர் போனேன். ஐம்பதே மீட்டர்தான். ராஜா மாதிரி இருந்தது!

திங்கள்கிழமை ஜூனியர் பையன் வழக்கம்போல ஈ-மெயிலைத் திருத்தக் கொண்டுவந்தான். 'நீயே அனுப்பிடுப்பா' என்றேன்.

பையன் என் நெற்றி வீக்கத்தைக் கவலையோடு பார்த்தான்.

'லெவாந்தேவா சார்?'