கதவைச் சாத்திவிட்டுப் பார்

எங்கள் ஏரியூர்ப் பக்கம் கணப்படுப்பு கிடையாது. விறகடுப்புப் புகை ஓட்டுச் சந்து வழியாகத் தானே போய்விடும். கொத்து வேலை கற்க ஊட்டிக்கு வந்த பிறகுதான், புகைக்குத் தனி வழி கட்டுவதே ஒரு தொழில் என்று தெரிந்தது. 1820களில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே கல் பங்களா கட்டினார். அதற்குப் பின் எழுந்த பழைய பங்களாக்கள் பலவற்றில் கணப்பும் சிம்னியும் உண்டு. விறகை விட்டுவிட்டு அதே இடத்தில் கேஸ் கணப்பு வைக்க இப்போது சிலர் விரும்புகிறார்கள். அதற்கு முன் சிம்னியைச் சோதித்துச் சொல்வதை மேஸ்திரியிடம் கற்றேன்.

முதலில் கரியைச் சுரண்டி இறக்க வேண்டும். கரியோடு பறவைக் கூட்டுச் சுள்ளி, உதிர்ந்த சுண்ணாம்புக் காரை, உடைந்த செங்கல் எல்லாம் விழும். பிறகு அடுப்புக்குள் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, மேலே வானம் தெரிகிறதா என்று பார்ப்போம்.

வானம் தெரிந்தால் போதாது. ஈரச் சாக்கால் சிம்னி வாயை மூடி, கீழே தேங்காய் நாரைப் புகைய விடுவார் மேஸ்திரி. நான் மாடி அறைகளுக்கும் கூரைக்கு அடியிலும் ஓட வேண்டும். விரிசல் இருந்தால் அங்கே புகை கசியும். ஒரு வீட்டில் மாடிப் படுக்கையறைச் சுவர் அலமாரிக்குள், மடித்து வைத்த போர்வைகளுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. வெளிப்பூச்சில் கீறல்கூட இல்லை.

அடுத்து இழுவை, அதாவது புகை ஒழுங்காக மேலே ஏறுகிறதா என்ற சோதனை. குளிர்ந்த சிம்னிக்குள் கனத்த காற்று அடைத்து நிற்கும். கொஞ்ச நேரம் காகிதம் எரித்துச் சூடேற்றிய பிறகே தீர்ப்புச் சொல்லலாம். “கதவு ஜன்னலெல்லாம் சாத்து தம்பி. சமையக்கட்டு பேனையும் போடு. குளிருல ஜனங்க அப்படித்தான இருப்பாங்க?” என்பார். திறந்த வீட்டில் ஒழுங்காக ஏறிய புகை, மூடியதும் அறைக்குள் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். பேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, சிம்னி வழியே காற்று உள்ளே இறங்குகிறது.

விறகென்றால் புகை கண்ணை எரிக்கும். கேஸ் சரியாக எரியாமல் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிலிண்டர் கேஸில் நாம் நுகர்வது கசிவைக் காட்டச் சேர்த்த நாற்றம். எரிந்து வரும் புகையில் அது இருக்காது. இதை வீட்டுக்காரருக்குப் புரியவைப்பதுதான் வேலையிலேயே கடினமான பகுதி.

கேஸ் புகையில் நீராவி அதிகம். அகன்ற பழைய சிம்னியில் அது குளிர்ந்து சுவரில் வியர்க்கும், காரை ஊறிப் போகும். அதனால் பெரும்பாலும் உள்ளே எஃகுக் குழாய் இறக்கச் சொல்வோம். சிம்னிக்குள் இருக்கும் இரும்பு மூடியைக் கழற்றிவிட வேண்டும். எரியும்போது யாரும் அதைச் சாத்திவிடக் கூடாது. எரியாத கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். ஆகவே சிலிண்டர் வெளியே, தரையை ஒட்டிக் காற்றுத் துவாரம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதோடு முடிவதில்லை. மறுபடி கதவைச் சாத்தி, கணப்பை எரியவிட்டு, அதன் வாயின் மேல்விளிம்பில் ஊதுவத்தி பிடிப்போம். அந்தப் புகை உள்ளே இழுபட வேண்டும்.

இழுபடாவிட்டால், செலவு எவ்வளவு ஆகியிருந்தாலும் இணைப்பைக் கழற்றிவிடுவார் மேஸ்திரி. அதுதான் சரி. மலையில் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்களே, சிம்னியைச் சோதிக்காமல் கேஸ் கணப்பு வைக்காதீர்கள். சுற்றுலா வருபவர்களே, மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்காதீர்கள். இந்த மலைகளில் அப்படி உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள்.